ஏழரை டன் ஆசை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து காபி வந்தது. கூடவே ஒரு தட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வந்தது. எனக்குப் பகீரென்றது. கல்யாணமாகிப் பதினேழு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்... நாளும் கிழமையும் இல்லாத நாளில் கேட்காமலே பால்கோவா வந்தால், பின்னாலேயே ஏதோ சமாசாரம் வருகிறது என்று அர்த்தம்.

வந்தது. மச்சினன் ரூபத்தில்.

"அத்தான், ஒரு சின்ன ஜாமீன் கையெழுத்து வேணும்."

"எவ்வளவுக்கு மாப்ளே?"

"அதிகமில்லத்தான். இருபத்தஞ்சு லட்சம்."

பால்கோவா தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மச்சினன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பி.எஸ்ஸி. தோட்டக்கலை படித்தவன். சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் அடுத்தவன் தோட்டத்துக்குப் புல் நட்டுவிட்டு, "இதை நம்ம ஊர்லயே நட்டா என்ன?" என்று ரோஷத்தோடு விருதுநகருக்குத் திரும்பி வந்தவன். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்களின் புது பங்களாக்கள், சுற்றிலும் முளைத்திருக்கும் கல்லூரிகள், கல்யாண மண்டபங்கள், பட்டாசு ஆலைகளின் காம்பவுண்டுகள் என்று ஒரு லிஸ்ட்டே கையில் வைத்திருந்தான். ஆள் ரெடி, ஆர்டரும் ஓரளவு ரெடி. பாக்கி, தோண்டுவதற்கு ஒரு மெஷின்.

"ஜே.சி.பி. வாங்கிட்டா போதும்த்தான். மண்ணு தானா வழிவிடும்!"

ஜே.சி.பி. மேல் ஆசைப்படாத ஆண்பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? ஆபீசுக்கு அரை மணி லேட் என்றாலும், தெருவில் அந்த மஞ்சள் மெஷின் குழி தோண்டினால் பைக்கை ஓரங்கட்டிவிட்டு வாய் பிளந்து பார்க்கிற ஜாதி நாம். 2019-ல் வடக்கே ஆரம்பித்து, ஜே.சி.பி. தோண்டுவதைக் கூட்டம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி நாடு முழுக்க செல்போனில் கேலிப் படங்கள் பறந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதில் என் முகம் இருக்கிறதா என்று தேடினேன்.

ஜே.சி.பி. என்பது மெஷினின் பெயரே இல்லை. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஓர் ஆங்கிலேயரின் இனிஷியல். 1945 அக்டோபர் 23-ந் தேதி, தன் மகன் பிறந்த அன்றைக்குத் தொழில் ஆரம்பித்தார். முதலீடு என்ன தெரியுமா? வாடகைக்கு ஒரு சின்ன காரேஜ், செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு வெல்டிங் மெஷின். பழைய இரும்பை ஒட்டி ஒரு டிரெய்லர் செய்து 45 பவுனுக்கு விற்றார். முன்னால் அள்ளி பின்னால் தோண்டுகிற மெஷின் வந்தது 1953-ல். இந்தியாவுக்கு வந்தது 1979-ல்.

இதைச் சொல்லிவிட்டு மச்சினனைப் பார்த்தேன். "பாத்தியா மாப்ளே! ஜே.சி.பி.காரரே ஜே.சி.பி. வாங்கித் தொழில் ஆரம்பிக்கல!"

சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்'கென்று விழுந்தது. (தானாக விழவில்லை.)

அன்று சாயங்காலம் அவனைப் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனேன். விருதுநகரில் பெரிய விஷயங்களை எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்கு எதிரில் வைத்துத்தான் பேச வேண்டும். பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்த மெஷின் முப்பது லட்சத்தைத் தாண்டும். 25 லட்சம் கடன், 5 வருஷம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 53,000 ரூபாய். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், வெயில் அடித்தாலும் கட்ட வேண்டும், மச்சினனுக்கு ஜுரம் வந்தாலும் கட்ட வேண்டும். அவன் கட்டாவிட்டால் யார் கட்ட வேண்டும் என்பதை இங்கே எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

"மாசத்துல எத்தனை நாள் இந்த மெஷினுக்கு வேலை இருக்கும்?"

யோசித்தான். "ஒரு... ஆறு நாள்?"

53,000-ஐ ஆறால் வகுத்தோம். நாளைக்குச் சுமார் 8,800. டீசல், ஆபரேட்டர் சம்பளம், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. மாசம் இருபது நாள் வேலை இருந்தால் இதே தவணை நாளைக்கு 2,650-தான். ஆகவே இருபது நாள் வேலை இருக்கிறவன் சொந்தமாக வாங்கலாம். ஆறு நாள் வேலை இருக்கிறவன் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பில்லின் பின்பக்கம் போதும்.

மச்சினன் பரோட்டாவைப் பிய்க்காமலே உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. "சரி வா, விஷயம் தெரிஞ்சவரைக் கேப்போம்" என்று பஜாரில் தெரிந்த இரும்புக் கடைக்குக் கூட்டிப் போனேன். மூன்று தலைமுறையாக மம்பட்டி, கடப்பாரை விற்கிற கடை. அண்ணாச்சிக்கு எழுபது வயசு. மச்சினன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மூன்றே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, தோண்டப் போறது என்ன மண்ணு? வாசல் எத்தனை அடி? பக்கத்துல என்ன இருக்கு?"

மூன்றுக்கும் பதில் இல்லை. மெஷினைப் பற்றி மச்சினனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குதிரைத் திறன் தெரியும், பக்கெட் அளவு தெரியும். அதைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிற இடத்தைப் பற்றித்தான் எதுவும் தெரியவில்லை. நம்மில் பல பேர் இப்படித்தான் கல்யாணமும் பண்ணிக்கொள்கிறோம்.

முதல் கேள்வி, மண். எங்கள் ஜில்லாவில் பெரும்பகுதி கரிசல். இந்த மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்று வாயில் நுழையாத பெயருள்ள களித் தாது நிறைய இருக்கிறது. தண்ணீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் அதில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கை அதிரும், மண் அசையாது. ஐப்பசி மழையில் அதே மண் மம்பட்டியில் அப்பிக்கொண்டு, உதறினாலும் விழாது. மாமியார் மாதிரி என்று அண்ணாச்சி சொன்னார். நான் சொல்லவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம். அந்தப் பதத்தில் ஒரு ஆள் மம்பட்டியோடு செய்கிற வேலையை, காய்ந்த மண்ணில் மூணு ஆள் கடப்பாரையோடு செய்ய முடியாது. மழை இல்லையா? முந்தின நாள் சாயங்காலம் குறித்த இடத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஊறப் போடுங்கள். "தோண்டுற சாமான்லயே மலிவானது தண்ணிதான் தம்பி. அதை யாரும் எங்கிட்ட வாங்குறதில்ல" என்றார் அண்ணாச்சி.

இரண்டாவது கேள்வி, வாசல். ஜே.சி.பி. ஏழடிக்கு மேல் அகலம். எடை சுமார் ஏழரை டன். ஏழரை என்றாலே நம் ஊரில் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள், இவன் இருபத்தஞ்சு லட்சம் கொடுத்து வீட்டுக்குள் கூட்டி வருகிறேன் என்கிறான்! பங்களாவின் பக்கவாட்டுச் சந்து நாலடி இருந்தால் அது நுழையாது. நுழைந்தாலும் ஆபத்து. ஈரக் கரிசலில் ஏழரை டன் இரண்டு தரம் போய் வந்தால் மண் இறுகிப் பாளமாகிவிடும். அப்புறம் அதன்மேல் புல் நட்டால் வேர் இறங்காது, தண்ணீர் தேங்கும். தோட்டம் போட வந்த மெஷினே தோட்டத்துக்குச் சமாதி கட்டிவிட்டுப் போகும். சந்துக்குள் மெஷின் போயே ஆக வேண்டுமென்றால், ஒன்றரை இரண்டு டன்னில் மினி எக்ஸ்கவேட்டர் என்று ஒன்று இருக்கிறது. சின்ன ரகம் மூணரை அடி சந்தில் நுழையும். ரப்பர் பட்டையில் ஊர்வதால் மண்ணை அவ்வளவாக மிதிக்காது. குழாய் பதிக்க, நீளவாக்கில் பள்ளம் எடுக்க அது கெட்டிக்காரன். ஆனால் அதுவும் லட்சக் கணக்குதான். முதல் வருஷம் வாடகைக்குப் போதும்.

அப்படியானால் ஜே.சி.பி. வீணா? இல்லவே இல்லை. சீமைக் கருவேலம் இருக்கிறதே, அதை மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். அடிக்கட்டையை வேரோடு பெயர்த்தால்தான் ஒழியும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது, எங்கள் பக்கம் எந்தக் காட்டைப் பார்த்தாலும் மஞ்சள் நிறம்தான். நாலு ஏக்கர் கருவேலத்தைத் தூர் எடுக்க மம்பட்டியோடு போகிறவன் பைத்தியக்காரன். நாலு செம்பருத்தி நட ஜே.சி.பி.யோடு போகிறவனும் அதே ஆஸ்பத்திரிதான், அடுத்த கட்டில்.

கடைசியில் அண்ணாச்சி கடையில் மச்சினன் வாங்கியது: மம்பட்டி நாலு, கடப்பாரை இரண்டு, பிக்காசு ஒன்று, மண் அள்ளுகிற சட்டி ஆறு. கூடவே, வேறு கடையில் ஒரு பெட்ரோல் ஆகர். குழி போடுகிற மெஷின்! பெரிய திருகாணி மாதிரி இருக்கும். அழுத்திப் பிடித்தால் மண்ணைத் திருகிக்கொண்டு இறங்கும். சில ஆயிரத்தில் முடிகிற விஷயம்.

அதை முதலில் சோதித்துப் பார்த்தது என் வீட்டுக் கொல்லையில். மண் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விடச் சொன்ன அண்ணாச்சியின் அறிவுரையை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். மச்சினன் ஸ்டார்ட் செய்தான். ஒரு சாண் இறங்கியது. உள்ளே ஏதோ கல்லோ வேரோ தட்டுப்பட, திருகு நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. பிறகென்ன? திருகு நின்றது, மச்சினன் சுற்றினான்! முக்கால் வட்டம் அடித்துத் துளசி மாடத்தோரம் போய் உட்கார்ந்தான். என் மனைவி என்னைத்தான் முறைத்தாள்.

அன்றைக்குக் கற்றது இரண்டு. ஆகரை இரண்டு பேராகப் பிடிக்க வேண்டும், ஊறின மண்ணில்தான் இறக்க வேண்டும். மூன்றாவதை அவன் படிப்பு சொன்னது. ஈரக் களியில் ஆகர் போடுகிற குழியின் சுவர் மெழுகினது மாதிரி வழவழவென்று ஆகிவிடும். செடியின் வேர் அந்தச் சுவரைத் துளைக்காமல், தொட்டிக்குள் இருக்கிற மாதிரி உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அதனால் குழி போட்டதும் கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். பாருங்கள், மெஷின் வாங்கினாலும் கடப்பாரைக்கு வேலை போகவில்லை.

அண்ணாச்சியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் என்ன இருக்கிறது?

மச்சினனுக்கு முதல் ஆர்டர், சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலை. காம்பவுண்டு ஓரமாக வேப்பங்கன்று நட வேண்டும், காய்ந்த புல்லையும் சருகையும் அகற்ற வேண்டும். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வாசலிலேயே போர்மேன் நிறுத்தினார். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் தடவினார். பிறகு ஆகரைப் பார்த்தார்.

"இது உள்ள வராது சார். எஞ்சின் பொறி அடிக்கும்."

"ஓரமாத்தாண்ணே குழி போடப் போறோம்" என்றான் மச்சினன்.

"ஓரமா இருந்தா என்ன தம்பி, காத்து இந்தப் பக்கம்தானே அடிக்குது? கடப்பாரையும் வேணாம். கல்லுல பட்டாப் பொறி வரும். மம்பட்டி மட்டும் கொண்டாங்க. நேத்தே தண்ணி விட்டு ஊற வெச்சிருக்கேன். ஓங்கிக் கொத்தாதீங்க, வெட்டி எடுங்க."

அந்த மனிதர் கெடுபிடி பண்ணவில்லை. அவருடைய உலகத்தின் இலக்கணம் அது. மருந்து கையாளுகிற அறையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தூரம் விட வேண்டும். உள்ளே இரும்புச் சாமான் ஆகாது, மரமோ பித்தளையோ செம்போதான். இதெல்லாம் வெடிபொருள் சட்டமும் விதிகளும் எழுதி வைத்த பாடங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் போயிருக்கிறார்.

குழிக்கு இடம் குறிக்கும்போது ஒரு மூலையைக் காட்டி, "அங்க மட்டும் வேணாம்" என்றார் போர்மேன்.

"ஏண்ணே, மண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நான் இங்க வர்றதுக்கு முந்தி கழிவு மருந்தை அங்கதான் கொட்டுனாங்கன்னு சொல்லுவாங்க. எவ்வளவு, என்னன்னு யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தைத் தோண்டாதீங்க."

மச்சினன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவன் கையில் இருந்தது மம்பட்டி. சொந்த மெஷின் இருந்து, தவணைக்குப் பயந்து, "சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பணும்" என்ற அவசரத்தில், யாரையும் கேட்காமல் அந்த மூலையில் பக்கெட்டை இறக்கியிருந்தால்? கடன் வாங்கின மெஷின் நம்மைச் சும்மா நிற்க விடாது சார். தோண்டு தோண்டு என்று விரட்டும்.

டீ நேரத்தில் போர்மேன் முதலிப்பட்டியைப் பற்றிச் சொன்னார். 2012 செப்டம்பர் 5. அங்கே ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பல பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு உதவி செய்ய ஓடி வந்தவர்கள், என்ன ஆச்சு என்று பார்க்க வந்த சுற்றுவட்டார ஜனங்கள்.

"இங்க சத்தம் கேட்டா, ஓடி வந்து பாக்காதீங்க தம்பி. ஓடிப் போயிடுங்க" என்றார் அவர். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாங்கள் ரொம்ப நேரம் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் குழிகளை முடித்தோம். எல்லாம் கையால். எனக்கு உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

மறுநாள் ஆபீசில் கொப்புளத்தைப் பார்த்த சக ஊழியர், "என்ன சார், ஃபைலை இவ்வளவு அழுத்திப் புரட்டுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் இன்னொரு தகவல் சொன்னார். ஊருக்குள் தோண்டுகிறவர்கள் கேபிள், குழாய்களை வெட்டிவிடாமல் இருக்க, 'கால் பிஃபோர் யூ டிக்' என்று மத்திய அரசு 2023 மார்ச் 22-ல் ஒரு செல்போன் செயலியே ஆரம்பித்திருக்கிறது. எந்த இடத்தில் தோண்டப் போகிறோம் என்று தெரிவித்தால், அங்கே கேபிளோ குழாயோ பதித்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும். மச்சினனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். "அப்ப அண்ணாச்சியோட மூணாவது கேள்வியை கவர்மென்டே கேக்குதா!" என்றான்.

இப்போது நிலவரம் என்ன என்கிறீர்களா? மச்சினன் ஒரு பழைய மினி லாரி வாங்கியிருக்கிறான். மம்பட்டி, சட்டி, ஆகர் எல்லாம் அதில் போகிறது. ஆகர் அநேகமாகக் கல்லூரி வேலைக்கும் வேலி போடுகிற வேலைக்கும்தான். பெரிய தோண்டல் வந்தால் மெஷினை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, வாடகையைப் பில்லிலேயே சேர்த்துவிடுகிறான். ஒரு நோட்டுப் போட்டு, மாசம் எத்தனை நாள் மெஷின் எடுத்தான் என்று எழுதி வருகிறான். அது இருபதைத் தொடும் மாசங்கள் தொடர்ந்து வந்தால், அன்றைக்கு நானே பால்கோவா வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன மாசம் ஒன்பது. (நான் சாமி கும்பிடுவது எதற்காக என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

மினி லாரிக் கடனுக்கு ஜாமீன் நான்தான். தொகையைக் கேட்டபோது தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

நேற்று எங்கள் தெருவில் சாக்கடை வேலைக்கு ஜே.சி.பி. வந்தது. வழக்கம்போல் கூட்டம். நானும் மச்சினனும்கூடப் போனோம். ஆனால் ஒரு வித்தியாசம். எல்லோரும் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் கீழே குனிந்து, வெளியே வந்து விழுந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தான். கையைத் திறந்து விரலால் தட்டினான்.

"பதமா இருக்குத்தான்" என்றான்.